அட்டை யாரைப் பார்க்கிறது?

2013ஆம் ஆண்டில் மூன்று வீடியோ கேம்கள் ஒரே கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லின. கதையின் மையத்தில் ஒரு பெண் இருந்தால் அவளை அட்டையில் போடலாமா?

'பயோஷாக் இன்ஃபினிட்' போடவில்லை. அந்த ஆட்டத்தின் உயிர் எலிசபெத் என்ற பெண். ஒரு கோபுரத்திலிருந்து அவளை மீட்பதில் தொடங்கும் கதை, போகப்போக முழுக்க அவளுடைய கதையாகவே ஆகிவிடும். அட்டையிலோ துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு ஆண் நிற்கிறான், பின்னால் கொடி எரிகிறது. எலிசபெத் இருப்பது பெட்டியின் பின்பக்கத்தில். ரசிகர்கள் ஏன் என்று கேட்டார்கள். ஆட்டத்தை உருவாக்கிய கென் லெவின் மழுப்பாமல் பதில் சொன்னார். எங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அட்டை தேவையில்லை. எங்களைத் தெரியாதவர்கள், கல்லூரி விடுதிப் பையன்கள் மாதிரியானவர்கள், கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், அவர்களுக்காகத்தான் இந்த அட்டை என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு ரசிகர்களை வாக்களிக்க வைத்து, அட்டைத் தாளின் மறுபக்கத்தில் இன்னொரு படத்தை அச்சிட்டார்கள்.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' போட்டது. எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி யோசனை வந்ததாகவும், தாங்கள் மறுத்துவிட்டதாகவும் அதை உருவாக்கியவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எல்லி அட்டையில் முன்னால் நிற்கிறாள். அந்த ஆட்டம் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

மூன்றாவது 'ரிமெம்பர் மீ'. டோன்ட்நாட் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்தது. நாயகி பெயர் நிலின். நாயகியை நாயகனாக மாற்றினால் பார்க்கலாம் என்பதுதான் சில வெளியீட்டாளர்களிடமிருந்து வந்த பதில். இங்கே பிரச்சினை அட்டையோடு நிற்கவில்லை. அட்டையில் யார் நிற்பார் என்ற பயம் உள்ளே போய் கதையின் நாயகியையே மாற்றச் சொன்னது. கடைசியில் கேப்காம் வெளியிட்டது, நிலின் நிலினாகவே வந்தாள்.

இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர் நண்பன் ஒருத்தன் உடனே நிறுத்துவான். "டேய், அது வெறும் அட்டைடா. உள்ள கேம் நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லு." நியாயமான எதிர்ப்புதான். அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

*

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அட்டை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் போனால் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அங்கே அச்சுத் தொழில் வேர்விட்டது. பிறகு பட்டாசுப் பெட்டி, காலண்டர், நோட்டு அட்டை. நாட்டின் பாதி மேலுறைகள் இங்கிருந்துதான் போகின்றனவோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்த பெட்டிகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் சிறுமி, இல்லையென்றால் யாரோ ஒரு நடிகையின் சாயலில் ஒரு பெண். வெடி பெரிதாக ஆக ஆகப் படத்தில் இருப்பவனின் புஜமும் பெரிதாகும். ஒளி பெண்ணுக்கு, சத்தம் ஆணுக்கு. இந்த விதியை மீறியது லட்சுமி வெடி மட்டும்தான். அதற்கு அவள் தெய்வமாக இருக்க வேண்டியிருந்தது. எந்தப் பெட்டியிலும் இல்லாத இன்னொருத்தி உண்டு. அந்த மத்தாப்பைச் செய்தவள். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்பவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். அவர்கள் கையில் மருந்து படிந்திருக்கும். அந்தக் கையை நான் எந்த லேபிளிலும் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு வங்கிக் கொள்ளை, ஒரு இன்ஸ்பெக்டர், மூன்று கொலை. வெளியே கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் புகைப்படம். வாசகர்கள் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. அட்டை ஒன்று சொல்லும், கதை வேறொன்று சொல்லும் என்பது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். மீனாட்சி பஜாரில் வாங்கிய திருட்டு சிடியின் கலர் ஜெராக்ஸ் அட்டையிலும் அதே ஒப்பந்தம்தான் இருந்தது. 2008இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' அட்டையில் லாலிபாப்போடு ஒரு பெண் இருக்கிறாள். உள்ளே எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கதையில் அவளுக்கு ஒரு பாத்திரமும் கிடையாது. மாத நாவல் அட்டைக்காரியின் அமெரிக்கத் தங்கை அவள்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் பிம்பத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்கிறார்கள். அந்தச் சொல்லே அச்சகத்தில் பிறந்ததுதான். ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து ஒரு பக்கத்தை உருவாக்கிவிட்டால், அதிலிருந்து அச்செடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்துக்கொள்வார்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி கோக்க வேண்டாம், தகட்டை எடுத்து அப்படியே அடிக்கலாம். 1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர்தான் மனதுக்குள் இருக்கும் முன்முடிவுப் படங்களுக்கு இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். தமிழில் வார்ப்பச்சு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. வார்ப்பச்சைப் பெண் வெறுப்பின் விளைவு என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். பல நேரம் அதில் வெறுப்புகூட இருக்காது. அது ஒரு சிக்கன நடவடிக்கை. புதிதாக ஒரு ஆளைப் பார்த்து, யோசித்து, வரைவதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துகிறது. துப்பாக்கியோடு ஆண், பின்னால் எரியும் ஏதோ ஒன்று, இடுப்பை வளைத்து நிற்கும் பெண். தகடு தயாராக இருக்கிறது, அடித்துக்கொண்டே போகலாம். மலிவு.

அப்படியானால் அடுத்த கேள்வி: அந்த மலிவுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

*

அதற்குள் போகும் முன் விற்பவர் பக்கத்து வாதத்தை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். "அதுதான் விக்குது பாஸ், நாங்க என்ன பண்றது?" இதைச் சும்மா ஒரு சாக்கு என்று தள்ள முடியாது, ஆதாரம் இருக்கிறது. 2007இல் 'செக்ஸ் ரோல்ஸ்' என்ற ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை 225 ஆட்டங்களின் அட்டைகளை எடுத்து எண்ணியது. ஆண்கள் பெண்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆட்டத்தோடு தொடர்புடைய செயலைச் செய்பவர்களும் பெரும்பாலும் ஆண்களே. 2013இல் அதே இதழில் இன்னொரு ஆய்வு, 399 அட்டைகளை விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டது. மையத்தில் பெண் இருக்கும் அட்டைகளுக்கு விற்பனை குறைவாகவும், ஓரத்தில் கவர்ச்சியாக ஒரு பெண் நிற்கும் அட்டைகளுக்கு அதிகமாகவும் இருந்தது. விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இது போதும். முந்நூறு பேரின் சம்பளம் இந்த ஒரு ஆட்டத்தில் தொங்குகிறது, இதில் போய் கொள்கை பேசாதே என்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒரு பொறியாளனாக அந்தக் கணக்கைப் பார்க்கும்போது இடிக்கிறது. விற்பனை அட்டையால் மட்டும் வருவதில்லை. 2012இல் ஈடார் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்குப்படி, பெண் மட்டுமே நாயகியாக இருந்த ஆட்டங்களுக்குச் செலவிடப்பட்ட விளம்பரப் பணம், ஆண் நாயகர் ஆட்டங்களுக்கானதில் சுமார் 40 சதவீதம். தண்ணியே ஊத்தாமல் செடி வளரவில்லை என்பது போல இருக்கிறது. பெண் நாயகி விற்காது என்று நம்பிக் குறைவாக விளம்பரம் செய்தார்கள், குறைவாக விற்றது, பார்த்தாயா, விற்கவில்லை என்றார்கள். நிரல் மொழியில் சொன்னால், வெளியீட்டை எடுத்து உள்ளீட்டில் செருகிய சுழல் இது. இப்படிப்பட்ட சுழலில் இருந்து வரும் எண்ணை உலகத்தின் இயல்பு என்று படிக்கக் கூடாது. பாதி அது நம்முடைய பழைய முடிவின் எதிரொலி.

'மாஸ் எஃபெக்ட்' இன்னும் நல்ல உதாரணம். அதில் ஷெப்பர்ட் என்ற கதாபாத்திரத்தை ஆணாகவோ பெண்ணாகவோ நாமே தேர்ந்தெடுக்கலாம். 2007இல் முதல் பாகம், 2010இல் இரண்டாம் பாகம். அட்டையில் எப்போதும் ஆண் ஷெப்பர்ட். 2011இல் நிறுவனம் ஒரு கணக்கு சொன்னது: 18 சதவீதம் பேர்தான் பெண் ஷெப்பர்டாக ஆடுகிறார்கள். அப்படி ஒருத்தி இருப்பதையே அட்டையிலும் விளம்பரத்திலும் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, அவளைக் கொஞ்சப் பேர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால்? 2012இல் மூன்றாம் பாகத்தின் அட்டைத் தாளை இருபக்கமும் அச்சிட்டார்கள். திருப்பிச் செருகினால் பெண் ஷெப்பர்ட் வருவாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. 2021இல் மூன்று பாகங்களையும் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது நிறுவனம் சொன்ன எண் 32 சதவீதம். அட்டை ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இடையில் பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன, ஆடுபவர்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் அந்த 18 மனித இயற்கையின் அளவு இல்லை என்பது மட்டும் உறுதி.

சந்தை என்ற சொல்லே ஒரு முகமூடிதான் என்பதற்கு 2020 ஜூலையில் வந்த ப்ளூம்பெர்க் செய்தி சாட்சி. யூபிசாஃப்ட்டின் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி' முதலில் கசாண்ட்ரா என்ற பெண்ணை மட்டுமே நாயகியாகக் கொண்டு யோசிக்கப்பட்டது. பெண் நாயகி விற்காது என்று விற்பனைப் பிரிவும் படைப்புத் தலைமையும் சொன்னதால் அவள் சகோதரன் அலெக்சியாஸும் சேர்க்கப்பட்டான். 2018இல் ஆட்டம் வந்தபோது அட்டையில் நின்றது அவன்தான். அந்தச் செய்தி வந்த அதே மாதம், பாலியல் தொல்லைப் புகார்கள் நிறுவனத்தை உலுக்கியதில் அதன் படைப்புத் தலைவர் பதவி விலகினார். சந்தை கேட்டது என்று நமக்குச் சொல்லப்பட்டது. கூட்ட அறையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கேட்டது அது.

இதற்கு நேரெதிராக ஒரு சம்பவம் சிவகாசியிலேயே இருக்கிறது. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் இதழின் தலைப்பு 'கத்தி முனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைசி என்ற பெண் சாகசக்காரியின் கதை. பெரும்பாலும் பையன்கள் படிக்கும் ஒரு வரிசையை, ஒரு பெண்ணின் பெயரை அட்டையில் அடித்துத் தொடங்கினார்கள். சந்தை ஆய்வு எதுவும் செய்ய வசதியில்லாத ஒரு சின்ன ஊர்ப் பதிப்பகம். வானம் இடிந்து விழவில்லை. லயன் இன்றும் வருகிறது. மாடஸ்டியை ரசிகர்கள் இளவரசி என்றுதான் சொல்கிறார்கள். மாடஸ்டியின் சித்திரங்களிலும் கவர்ச்சி உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கத்தி வீசுபவளும் திட்டம் போடுபவளும் அவளே. அட்டையில் இருந்தவள்தான் உள்ளேயும் இருந்தாள்.

*

விலை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்ட ஒருவர் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில். ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, கணக்குத் தணிக்கையாளராக இருந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, 1929இல் காந்தியைச் சந்தித்து, அதற்குப் பிறகு கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தவர். 1960 ஜனவரி 30 அன்று காலமானார். தேதியைக் கவனியுங்கள், காந்தி இறந்த அதே நாள். எங்கள் ஊரில் அவர் பெயர் தெரியும். அவர் என்ன சொன்னார் என்பது அவ்வளவாகத் தெரியாது. நானே ஊரை விட்டு பெங்களூரு வந்த பிறகுதான் படித்தேன்.

குமரப்பா வாங்குவதையும் விற்பதையும் இரண்டு மனிதர்களுக்கு இடையிலான உறவாகப் பார்த்தார். அதனால் அதற்கு ஒழுக்கம் உண்டு. ஒரு பொருள் மலிவாக இருந்தால், அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமை. யாருடைய கூலியைக் குறைத்து, யாருடைய நிலத்தைக் கெடுத்து வந்தது என்று கேட்காமல் வாங்கினால், அந்தக் கேட்டில் வாங்கியவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. விலைச்சீட்டில் இருக்கும் எண் மட்டும் விலையாகாது என்று ஒரு தணிக்கையாளர் சொன்னார் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்கில் வராத செலவைத் தேடுவதுதானே அவர் தொழில்.

அவர் இன்று இருந்தால் வீடியோ கேமைக் கையால் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். இதனால் எந்தத் தேவை தீர்ந்தது தம்பி என்று கேட்டிருப்பார், என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது. ஆனால் அவருடைய கேள்வியை வார்ப்பச்சு அட்டையிடம் கேட்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது. இந்த மலிவுக்கு விலை கொடுப்பது யார்?

முதலில், அட்டையில் இல்லாத பெண். பக்கத்து வீட்டில் கேம் ஆடும் பத்து வயதுப் பெண் குழந்தை கடையில் நிற்கிறாள், அல்லது போனில் ஸ்டோரைத் திறக்கிறாள். வரிசையாக அட்டைகள். "இது உனக்கில்ல" என்று ஒரு வாக்கியம்கூட எழுதியிருக்காது. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது, அட்டையில் இருக்கும் ஆண். இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. துப்பாக்கியும் தாடியும் முறைப்பும்தான் ஆண் என்று அந்தத் தகடு அவனையும் அடித்து வைத்திருக்கிறது. மத்தாப்பு பிடிக்கும் பையனுக்கு எங்கள் தெருவில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது ஆள் நாம், வாங்குகிறவர்கள். லெவின் சொன்ன அந்த விடுதிப் பையன் நான்தான். பொறியியல் கல்லூரி விடுதியில் நாலு வருஷம் இருந்தவன். என்னைப் பற்றி அந்த அட்டை என்ன நினைக்கிறது? இவனுக்கு ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினால் எடுக்க மாட்டான், துப்பாக்கியைக் காட்டு, எடுப்பான். இந்தக் கணிப்பு என்னிடம் கேட்டு எழுதப்பட்டதில்லை. எங்கள் விடுதியில் எலிசபெத்துக்காகவே இரண்டாம் முறை ஆடியவன் இருந்தான். எல்லியின் கதை முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ராத்திரி பூரா பேசாமல் கிடந்தவனும் இருந்தான். அவர்களை அட்டை எதிர்பார்க்கவே இல்லை.

நண்பனின் "வெறும் அட்டைடா"வுக்கு என் பதில் இதுதான். அட்டை ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. எதிரில் நிற்பவரைப் பற்றியும் அது ஒரு முடிவை அறிவிக்கிறது. நாம் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்து, இவன் இவ்வளவுதான் என்று எடை போட்டு முடித்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் அந்த அவமதிப்பு வாசலில் நடந்துவிட்டது.

*

இப்போது பெட்டியே போய்விட்டது. அட்டை சுருங்கி, போனில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஐகான் ஆகிவிட்டது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் கலையவில்லை, இயந்திரத்துக்குள் போய்விட்டது. ஒரே செயலிக்கு இரண்டு ஐகான்களைப் போட்டு, பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு அதையும் காட்டி, எதை அதிகம் பேர் இறக்குகிறார்கள் என்று பார்க்கும் வசதியை கூகிள் ப்ளே டெவலப்பர்களுக்கே தருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு கேரம் ஆட்டத்துக்கு இப்படிச் சோதனை ஓடியது. ஒன்றில் கேரம் போர்டு, மற்றதில் கண்ணடிக்கும் ஒரு பெண்ணின் முகம். பெண் முகம் ஜெயித்தது. ஆட்டத்துக்குள் பெண்ணே கிடையாது, காயும் ஸ்ட்ரைக்கரும்தான். யாரும் விவாதிக்கவில்லை. "டேட்டா சொல்லிருச்சு" என்று மேனேஜர் சொன்னார், டிக்கெட்டை மூடினோம். கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருத்தர்கூட அந்த அறையில் இல்லை. முடிவெடுத்தவர் என்று சுட்டிக்காட்டவும் ஒருத்தர் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

ஆனால் டேட்டா என்ன சொன்னது? நாம் வைத்த இரண்டில் எது அதிகம் தட்டப்பட்டது என்பதை மட்டும். மூன்றாவதாக ஒன்றை வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அது சொல்லாது. அந்த முகத்தைப் பார்த்து முகம் சுளித்து நகர்ந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தட்டியவன் எண்ணிக்கையில் ஏறுகிறான், தலையைத் திருப்பிக்கொண்டவள் எண்ணிக்கையில் இல்லவே இல்லை. குமரப்பா தேடச் சொன்ன, கணக்கில் வராத செலவு இதுதான். அந்த இரண்டு படங்களையும் சோதனையில் வைத்தது இயந்திரம் இல்லை, நாங்கள்.

*

கடைசியாக ஒரு சிக்கலான உதாரணம். 2023இல் டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அழிந்துபோன எழுத்துகள் உள்ள சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்ய வேண்டும். கணவன் பாவலன், மகன் கவின். 2024இல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும் பரிசும், சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் பெற்றது.

ஒரு தோழி கேட்டாள்: "நம்ம ஊர்க் கேம் ஒண்ணு உலக அளவுல ஜெயிக்குது. அதுலயும் பொம்பள அடுப்படியிலதானா?" நல்ல கேள்வி. சேலை, அடுப்படி, அம்மா: மூன்றும் சிவகாசிக் காலண்டரில் இருந்து எடுத்த தகடு மாதிரியே இருக்கிறது. ஆனால் ஆடிப் பார்த்தால் வேறு. வெண்பாவுக்கு வேலை கிடைக்காத கவலை இருக்கிறது, ஊர் திரும்பலாமா என்ற தடுமாற்றம் இருக்கிறது, தன் டப்பா சோற்றைப் பார்த்து வெட்கப்படும் மகனிடம் கோபம் இருக்கிறது. சமையல் அவளுக்குக் கடமை என்பதைவிட நினைவைக் கையில் பிடித்து வைக்கும் வழி. ஆட்டத்துக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதனால் வார்ப்பச்சை அது நிற்கும் இடத்தையோ உடுத்திய துணியையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறேன். பெண் கையில் துப்பாக்கி கொடுத்துவிட்டால் தகடு உடைந்துவிடாது. துப்பாக்கி பிடித்த பெண்ணுக்கும் இப்போது ஒரு தகடு தயார். அடுப்படியில் நிற்பதாலேயே ஒருத்தி வார்ப்பச்சு ஆகிவிடுவதும் இல்லை. அவளைப் பார்க்க யாராவது நேரம் செலவழித்தார்களா என்பதுதான் கேள்வி. எழுத்தைப் புதிதாகக் கோத்தார்களா, பழைய தகட்டை எடுத்து அடித்தார்களா?

2023 டிசம்பரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6'இன் முதல் முன்னோட்டம் வந்தது. லாலிபாப் பெண்ணை அட்டையில் ஒட்டிய அதே நிறுவனம். முன்னோட்டம் லூசியா என்ற பெண்ணோடு, சிறைக்குள் அவளிடம் நடக்கும் ஒரு உரையாடலோடு தொடங்குகிறது. இந்த முறை அவள் ஆட்டத்தின் மையப் பாத்திரங்களில் ஒருத்தி. இது மனமாற்றமா, புதிய சந்தைக் கணக்கா என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை. விற்பவர்களின் மனதைத் தணிக்கை செய்வது நம் வேலையும் இல்லை. வாங்குபவனின் வேலை அதைவிடச் சின்னது, ஆனால் தினமும் செய்ய வேண்டியது. ஸ்டோரில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு நொடி நின்று, இந்தப் படம் என்னை யாரென்று நினைக்கிறது, நான் அந்த ஆளா என்று கேட்டுக்கொள்வது. இல்லை என்று தோன்றினால் தட்டாமல் நகர்வது. நகர்ந்தது எந்தக் கணக்கிலும் ஏறாதுதான். அதனால் எப்போதாவது ஒருமுறை, ஏன் நகர்ந்தேன் என்று ரெவ்யூவில் இரண்டு வரி எழுதிவிட்டும் போகலாம்.